தீண்டாமைக்கு எதிர்நின்ற நாவல் – 7: யாழ்ப்பாணத்துக் கே. டானியல்

கே. டானியல் யாழ்ப்பாண நகரை அடுத்த ஆனைக்கோட்டையில் 1920களில் பிறந்தார். சலவைத் தொழில் செய்த குடும்பம், கத்தோலிக்க மதம். பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றுபோனது. கைத்தொழிலால் பிழைத்தார், வாகனம் பழுதுபார்க்கும் பட்டறையில் இரும்போடும் எண்ணெயோடும் பகலைக் கழித்தவர், கிடைத்த நேரத்தில் கதை எழுதினார். 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் இறக்கும்போது ஈழத்துத் தமிழ் நாவலில் ஒரு தனிப் பகுதியே அவர் பெயரில் நின்றது. ‘பஞ்சமர்’, ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’, ‘தண்ணீர்’, ‘பஞ்சகோணங்கள்’ என்று வரிசையாக வந்த அந்த நாவல்களுக்கெல்லாம் பொருள் ஒன்றுதான்: யாழ்ப்பாணத்துச் சாதி.

சாதியை எதிர்த்து ஒரு கதையாவது எழுதாத முற்போக்கு எழுத்தாளர் அக்காலத்தில் குறைவு. டானியலை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது, அவர் எழுத்தும் அவர் ஈடுபட்ட போராட்டமும் ஒன்றையொன்று நடத்திச் சென்ற விதம். வீதியில் தீண்டாமை எதிர்ப்பு இயக்கம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் நாவல் எதையும் வெளியிடவில்லை. இயக்கம் தணிந்த பிறகே முதல் நாவல் வந்தது. அதன்பின் இயக்கம் ஓயஓய அவருடைய கதைகள் காலத்தில் பின்னோக்கிப் போயின. 1960களில் தொடங்கி, அப்பன் காலத்துக்கும் பாட்டன் காலத்துக்கும். இந்த வரிசையைப் புரிந்துகொள்ள, அவர் பிறந்த ஊரின் ஏற்பாட்டை முதலில் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தமிழரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெள்ளாளர். நிலம், கோயில், பள்ளிக்கூடம், உத்தியோகம் எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தன. வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து சாதியாரைச் சேர்த்துப் பஞ்சமர் என்றார்கள். தமிழ்நாட்டில் பஞ்சமர் என்ற சொல் வருணத்துக்கு வெளியே உள்ளவரை, நால்வருக்கு அப்பால் ஐந்தாமவர் என்ற பொருளில் குறித்தது. யாழ்ப்பாணத்தில் அது ஐந்து சாதிகளின் தொகுப்பாயிற்று. சலவைத் தொழிலாளியும் முடிதிருத்துபவரும் இந்த ஐந்துக்குள் அடங்கியது தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதாகத் தோன்றலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு எழுத்தில் சட்டமும் இருந்தது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய பகுதி தனியாக உண்டு. கோவியர், பள்ளர், நளவர் அதில் இடம்பெறுகிறார்கள். ஆங்கிலேயர் 1844இல் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். அடிமை குடிமகன் ஆனான். ஆனால் ‘குடிமை’ என்ற பெயரில் கடமை தொடர்ந்தது. யாழ்ப்பாணத்தில் குடிமை என்றால் உரிமை இல்லை, ஊழியம். வெள்ளாளர் வீட்டுக் கலியாணத்துக்கும் சாவீட்டுக்கும் வண்ணார் வந்து வெள்ளை கட்ட வேண்டும், அம்பட்டர் வந்து சடங்கு செய்ய வேண்டும், பறையர் வந்து மேளம் அடிக்க வேண்டும். பஞ்சமர் வெள்ளாளரை ‘நயினார்’ என்றும் வீட்டுப் பெண்களை ‘நாச்சியார்’ என்றும் அழைத்தார்கள்.

உடையிலும் பெயரிலும்கூட எல்லை போடப்பட்டிருந்தது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, தோளில் துண்டு போடக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது. குறுக்குக்கட்டோடுதான் நடமாட வேண்டும். பிள்ளைக்குக் கந்தன் என்று பெயர் வைக்கலாம், கந்தசாமி என்று வைக்கக்கூடாது. பஞ்சமருக்கே துணி வெளுத்த துரும்பர் இரவில்தான் வெளியே வர வேண்டும், வரும்போது காவோலையை இழுத்துச் சத்தமிட்டு வர வேண்டும் என்று வழக்கம் இருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன.

கிணற்றடிதான் எல்லாவற்றிலும் கொடியது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் பயிருக்கு இறைப்பதும் கிணற்று நீர்தான். கிணறு நிலத்துக்குச் சொந்தக்காரருடையது. பஞ்சமப் பெண்கள் குடத்தோடு வந்து கிணற்றுக்கு எட்டத்தில் காத்து நிற்பார்கள். வெள்ளாளர் வீட்டார் யாராவது வந்து, மனமிரங்கி, அள்ளி ஊற்றினால் குடம் நிறையும். இல்லையென்றால் வெயில் ஏறும்வரை நிற்பு. டானியலின் ஒரு நாவலுக்குத் ‘தண்ணீர்’ என்று பெயர் வந்ததன் காரணம் இந்தக் கிணற்றடியில் இருக்கிறது.

தேநீர்க்கடை இருபதாம் நூற்றாண்டில் வந்த புதுமை. மனுநூல் எதிலும் அதற்கு விதி இல்லை. ஆனாலும் கடை வந்த வேகத்தில் விதியும் வந்துவிட்டது. வெள்ளாளருக்கு உள்ளே வாங்கும் (பெஞ்சும்) மேசையும் மூக்குப்பேணியும் கண்ணாடிக் கிளாசும். பஞ்சமருக்கு வெளியே நின்றபடி போத்தலிலோ தகரப் பேணியிலோ சிரட்டையிலோ தேநீர். குடித்தவரே கழுவி, கடைக்காரர் காட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். காசு மட்டும் இரு தரப்புக்கும் ஒன்று.

பாலக்காட்டு எல்லையில் இருப்பவர்களுக்கு இது வேறு நாட்டுக் கதையாகத் தோன்றாது. பாலக்காடு அடங்கிய மலபாரில் தீண்டாமையோடு தீண்டாப்பாடும் இருந்தது. எந்தச் சாதி எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று தூரத்தால் அளந்தார்கள். 1924இல் கல்பாத்தி அக்ரகாரத்துத் தேரோட்டத்தில் நுழைந்த ஈழவச் சாதியார் அடித்து விரட்டப்பட்டார்கள். தெருவில் நடக்கும் உரிமை சென்னை மாகாண அரசு வரை வழக்காயிற்று, பலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தூரக் கணக்கு இவ்வளவு கறாராக இல்லை. வண்ணாரும் அம்பட்டரும் இல்லாமல் வெள்ளாளர் வீட்டில் எந்த நல்லதும் கெட்டதும் நடக்காது என்பதால், விலக்கிவைத்த ஆளையே வீட்டுக்குள் அழைத்தாக வேண்டிய நிலை. விலக்கும் நெருக்கமும் ஒன்றாகக் கிடந்த அந்த இடத்தில்தான் டானியல் பிறந்தார். வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு ஊரின் முன்வாசல் மூடியிருந்தாலும் பின்வாசல் தெரியும். எந்த வீட்டில் யாருக்குத் துடக்கு, யார் பிள்ளை உண்டானாள், எந்தக் கறை எப்படி வந்தது என்பதெல்லாம் துணிமூட்டையோடு வந்து சேரும். பிற்காலத்தில் வெள்ளாளக் குடும்பங்களின் உள்விவகாரங்களை டானியல் எழுதியபோது, இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

டானியல் வளர்ந்த காலத்தில் எதிர்ப்பும் வளர்ந்துகொண்டிருந்தது. 1927இல் ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் உருவாயிற்று. அந்த ஆண்டு இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு எல்லாருக்கும் வாக்குரிமை என்று பரிந்துரைக்க, 1931இல் அது நடைமுறைக்கு வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதைக் கடுமையாக எதிர்த்தார் என்பதை அவருடைய சிலைகளுக்கு மாலை போடுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. உதவிபெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்ற ‘சம ஆசன’ உத்தரவு 1930ஐ ஒட்டி வந்தபோது, அதைச் செயல்படுத்திய சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. அதுவரை பஞ்சமப் பிள்ளைகள் வகுப்பில் தரையில் இருந்து படித்தார்கள்.

1940களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தோன்றியது. பஞ்சமரை ‘சிறுபான்மைத் தமிழர்’ என்று அழைக்கும் வழக்கம் அங்கிருந்தே பரவியது. 1944இல் யாழ்ப்பாணத்து வில்லூன்றி மயானத்தில் தாழ்த்தப்பட்ட ஒருவரின் சடலத்தை எரிக்க முயன்றபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. எரிக்கப் போனவர்களில் ஒருவர் இறந்தார். பிணத்தை எங்கே எரிப்பது என்பதற்கே ஓர் உயிர் போனது. இந்தச் சூழலில் இளைஞன் டானியல் கம்யூனிஸ்ட் கட்சியின் பக்கம் போனார். கட்சி அவருக்குப் படிப்பும் கொடுத்தது, மேடையும் கொடுத்தது, தன்னைப் போன்ற வேறு இளைஞர்களின் தோழமையும் கொடுத்தது. முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த டொமினிக் ஜீவா, எஸ். பொன்னுத்துரை, என். கே. ரகுநாதன் ஆகியோர் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுத வந்தவர்கள். 1954இல் தொடங்கிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இவர்களுக்குக் கூடாரம் ஆயிற்று.

தீண்டாமையைப் பேசிய நாவல் ஈழத்தில் அதற்கு முன்பே உண்டு. எம். ஏ. செல்வநாயகத்தின் ‘செல்வி சரோசா அல்லது தீண்டாமைக்குச் சவுக்கடி’ 1938இல் வந்தது. மலபாரில் கண்ணூர் வக்கீல் பொத்தேரி குஞ்ஞம்பு ‘சரஸ்வதீவிஜயம்’ எழுதியது 1892இல். இவற்றிலெல்லாம் தீண்டாமை என்பது மேலே இருப்பவர் திருந்தியோ கீழே இருப்பவர் படித்து உயர்ந்தோ தீர்க்கக்கூடிய குறை. குஞ்ஞம்புவின் புலையர் சிறுவன் உதைபட்டு ஓடி, கிறித்தவனாகிப் படித்து, நீதிபதியாகத் திரும்பி வருகிறான். டானியல் தலைமுறைக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை. ஒருவன் நீதிபதியாவதால் மற்றவர்கள் குடிக்கும் போத்தல் கிளாசாக மாறிவிடாது என்று அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள்.

ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்ற சிறுகதை அந்த அவநம்பிக்கையின் நேர்த்தியான உதாரணம். மதுவிலக்குக்காக மேடையில் முழங்கும் பெரியவரைத் தேடித் தாழ்த்தப்பட்ட இளைஞர்கள் அவர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர் கடிந்து ஒரு சொல் சொல்வதில்லை. உள்ளே அழைக்காமலிருக்க, வெளியே நிலவில் போய்ப் பேசலாம் என்கிறார். டானியலின் சிறுகதைகளில் இந்த மென்மை அபூர்வம். அவருடையது நேரடிக் குரல். அடி விழும், திருப்பி அடி கொடுக்கப்படும். 1963இல் வந்த ‘டானியல் கதைகள்’ தொகுப்பில் இரண்டும் நிறைய உண்டு.

இந்த எழுத்தாளர்கள் மீது முதலில் பாய்ந்தது கதைப்பொருளுக்காக அல்ல, மொழிக்காக. பள்ளர், நளவர், சலவைத் தொழிலாளர் தம் வீட்டில் பேசும் தமிழை அப்படியே உரையாடலில் எழுதியதைப் பண்டிதர்கள் ‘இழிசனர் வழக்கு’ என்று பழித்தார்கள். இலக்கண மரபு என்ற பெயரில் 1960களின் தொடக்கத்தில் பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது. கைலாசபதி, சிவத்தம்பி போன்ற பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்போக்காளர் பக்கம் நின்றார்கள். டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்புக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது, பண்டிதர்களுக்கு எரிகிற தீயில் எண்ணெய். அந்தச் சண்டையில் டானியல் தரப்பு வென்றது என்றே சொல்லலாம். இன்று பேச்சுத்தமிழ் இல்லாத ஈழத்து நாவல் அபூர்வம். ஆனால் தோழர்களுக்குள்ளே பிளவும் வந்தது. பொன்னுத்துரை சங்கத்தை விட்டு விலகி ‘நற்போக்கு’ என்று தனிக்கடை விரித்தார். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சியே மாஸ்கோ, பீகிங் என இரண்டாக உடைந்து நிற்க, டானியல் நா. சண்முகதாசன் தலைமையிலான பீகிங் சார்புப் பிரிவில் நின்றார். சட்டமும் மனுவும் போதாது, ஆலயத்தின் வாசலிலும் கடையின் வாசலிலும் மக்களே நேரில் நிற்க வேண்டும் என்பது அப்பிரிவின் நிலைப்பாடு.

சட்டம் இல்லாமல் இல்லை. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா ஆட்சியில் 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. கடை, கிணறு, பள்ளி, கோயில் எங்கும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது அன்று முதல் குற்றம். ஆனால் முறைப்பாட்டை எழுத வேண்டிய பொலிஸ்காரரும் சாட்சி சொல்ல வேண்டிய ஊராரும் யார் என்று பார்த்தால், சட்டம் ஏன் ஒன்பது ஆண்டுகள் காகிதத்தில் கிடந்தது என்பது புரியும்.

1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகருக்குத் தீண்டாமைக்கு எதிரான ஓர் ஊர்வலம் புறப்பட்டது. தொடக்கத்திலேயே பொலிஸ் தடியடி நடத்தியது. அடிபட்டவர்களோடு ஊர்வலம் நகர்ந்து, யாழ்ப்பாண முற்றவெளியில் கூட்டமாக முடிந்தது. இதுவே ‘ஒக்டோபர் எழுச்சி’ என்று இடதுசாரிகள் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைப்பாக உருவானது. எஸ். ரி. என். நாகரத்தினம் அதன் தலைவர். முன்னின்று அமைப்பை நடத்தியவர்களில் டானியல் ஒருவர்.

இயக்கம் முதலில் எடுத்தது தேநீர்க்கடை. ஏன் கடை என்பதற்குக் காரணம் எளிது: கோயிலுக்கு ஆண்டில் சில நாள்தான் போவார்கள், கடைக்குத் தினமும் போகிறார்கள். சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் என்று ஊர்ஊராக இளைஞர்கள் கூட்டமாகப் போய் உள்ளே வாங்கில் அமர்ந்து கிளாசில் தேநீர் கேட்டார்கள். சில கடைக்காரர்கள் கொடுத்தார்கள், சிலர் கடையைப் பூட்டினார்கள், சிலர் அடியாட்களைக் கூட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு முன், 1960 பெப்ரவரி 1 அன்று, அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் போய் அமர்ந்து காப்பி கேட்டதை இது நினைவூட்டும். ஒரு வேறுபாடு உண்டு. அந்த மாணவர்கள் அடித்தால் திருப்பி அடிப்பதில்லை என்ற உறுதியோடு அமர்ந்தார்கள். சங்கானையில் அந்த உறுதி எடுக்கப்படவில்லை.

சங்கானையை ஒட்டிய நிச்சாமம் என்ற சிற்றூர்தான் மோதலின் மையமானது. இரவில் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், வயல் வரம்பிலிருந்து சுட்டார்கள். நிச்சாமத்தார் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள், கைக்குக் கிடைத்ததை ஆயுதமாக்கினார்கள். சின்னர் கார்த்திகேசு சுட்டுக் கொல்லப்பட்டார். இயக்கம் அவரை முதல் தியாகியாகக் கொண்டது. சங்கானையைச் சாங்காய் ஆக்குகிறார்கள் என்ற பேச்சு கொழும்பு நாடாளுமன்றம் வரை போனது. சீனத்துக் கம்யூனிஸ்டுகளின் தூண்டுதல் என்று சொல்லிவிட்டால் போத்தல் தேநீரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா.

1968இல் போராட்டம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கு வந்தது. காங்கேசன்துறைக்கு அருகே உள்ள அந்தக் கோயிலின் ஆடித் திருவிழாவில் தாழ்த்தப்பட்டோர் உள்ளே போக வாசலில் அமர்ந்தார்கள். எதிரே தடுத்து நின்றவர்களின் தலைவர் சி. சுந்தரலிங்கம்; கணிதப் பேராசிரியராக இருந்தவர், முன்னாள் அமைச்சர். அவர்மீது 1957 சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அந்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை போனது. முருகன் கோயில் வாசலில் யார் நிற்கலாம் என்பதை இங்கிலாந்து நீதிபதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாவிட்டபுரத்தை வைத்து ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ நாடகம் கூத்துப் பாணியில் ஊர்ஊராக மேடையேறியது. நாடகத்தில் முருகன் தன் கோயிலுக்குள் நுழைய வரும் மக்களின் பக்கம் நிற்கிறான்.

தமிழர் கட்சிகள் இந்த ஆண்டுகளில் மென்று விழுங்கின. தீண்டாமை தவறு என்பதை மேடையில் மறுப்பவர் இல்லை. ஆனால் சிங்களப் பேரினவாதத்தை எதிர்த்து நிற்கும் நேரத்தில் தமிழரின் ஒற்றுமையைக் குலைக்கலாமா என்பது பதிலாக வந்தது. டானியலுக்கு இந்தப் பதில்மீது கடைசிவரை கோபம் தீரவில்லை. வெளியே நின்று போத்தலில் குடிக்க வைத்தபோது இந்த ஒற்றுமை எங்கே இருந்தது என்ற கேள்வி அவர் நாவல்களில் பல வாய்களில் பல விதமாக வரும்.

1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. சிறுபான்மைத் தமிழர் மகாசபைத் தலைவர் எம். சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குப் போனார். 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடிக்க, இடதுசாரிகள்மீது அடக்குமுறை வந்தது, சண்முகதாசன் சிறைவைக்கப்பட்டார். குடாநாட்டில் பல கடைகளும் கோயில்களும் திறந்துவிட்டிருந்தன. இயக்கம் வென்றது பாதி, அடங்கியது பாதி. இந்த நேரத்தில், 1972இல், ‘பஞ்சமர்’ வந்தது.

‘பஞ்சமர்’ தனியொரு நாயகனின் கதை இல்லை. ஒரு சேரியும் அதைச் சுற்றிய ஊரும், கடையும் கோயிலும் கிணறும் பொலிஸ் நிலையமும் சேர்ந்து நகரும் கதை. பாத்திரங்கள் கூட்டமாக வருகிறார்கள். புதிய வாசகர் முதல் ஐம்பது பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று திணறுவார். தீப்பந்தத்தோடு வரும் ஆட்களும் அவர்களை எதிர்கொள்ளும் இளைஞர்களும் செய்தித்தாளில் அப்போது வந்த சம்பவங்களை ஒட்டியவர்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்தவை, சில இடங்களில் உள்ளே நின்று செய்தவை. அதுவரை ஈழத்து நாவலில் தாழ்த்தப்பட்டவர் இரக்கத்துக்குரியவராகவே பெரும்பாலும் வந்தார். செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’ (1965) அந்தப் போக்கை உடைத்தது. ‘பஞ்சமர்’ இன்னும் ஓர் அடி மேலே போய், தாழ்த்தப்பட்டவர் திட்டமிடுகிறவர், தங்களுக்குள் சண்டையிடுகிறவர், ஏமாற்றவும் ஏமாறவும் செய்கிறவர் என்று காட்டியது. ஐந்து சாதிகளுக்குள்ளேயே உள்ள மேல்கீழை மறைக்காமல் எழுதியதும் அந்த நாவலின் நேர்மை.

‘போராளிகள் காத்திருக்கின்றனர்’ 1975இல் வந்தது. பிறகு சில ஆண்டுகள் பெரிய நாவல் இல்லை. 1980களில் டானியல் மீண்டும் வேகமாக எழுதினார். அப்போது குடாநாட்டின் முகமே மாறியிருந்தது. ஆயுதம் ஏந்திய தமிழ் இளைஞர் இயக்கங்கள், இராணுவம், ஊரடங்கு. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் சாதியைப் பற்றிப் பேசுவதே காலத்துக்கு ஒவ்வாததாக, சில இடங்களில் ஆபத்தானதாகவும் ஆயிற்று. டானியல் நடப்புக் காலத்தைத் தொடவில்லை. ‘பஞ்சமர்’ இரண்டு பாகமும் சேர்ந்து 1982இல் வந்தது. அதைத் தொடர்ந்த ‘கோவிந்தன்’ முந்திய தலைமுறைக்குப் போனது. 1984இல் வந்த ‘அடிமைகள்’ பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, ஒரு வெள்ளாள நிலவுடைமைக் குடும்பம் அதன் அடிமை குடிமைகளோடு சரிந்து விழுவதை 1950கள்வரை சொல்கிறது. 1844இல் ஒழிந்ததாகச் சட்டம் சொன்ன அடிமைமுறை வீட்டுக்குள் இன்னும் நூறு ஆண்டு எப்படி இருந்தது என்பதே அதன் பொருள்.

இந்த நாவல்களுக்கு அவர் சேர்த்த பொருள் வேறு எங்கும் கிடைக்காதது. யாழ்ப்பாண வரலாற்றை எழுதியவர்கள் அரசரையும் மிஷனரிகளையும் சைவ மறுமலர்ச்சியையும் எழுதினார்கள். ஒரு நளவருக்கு எத்தனை பனை சீவக் கொடுத்தார்கள், கூலி எதுவாக வந்தது, சாவீட்டில் எந்தக் கடமைக்கு எந்தப் படி, எந்தச் சாதிக்காரர் எந்த இடம்வரை வரலாம், நிலம் எந்தப் பொய் உறுதியால் கைமாறியது என்று எழுதிவைத்தவர் இல்லை. டானியல் கிழவர்களையும் கிழவிகளையும் தேடிப்போய்க் கேட்டு அவற்றைக் கதைக்குள் கொண்டுவந்தார். தகவல் கூடியதால் கதை தள்ளாடும் பக்கங்கள் உண்டு. ஒரு சடங்கின் விவரம் வந்தால் அது முடியும்வரை பாத்திரங்கள் காத்திருப்பார்கள். மானுடவியலாளர் அந்தப் பக்கங்களைத்தான் அடிக்கோடிட்டுப் படிக்கிறார்கள்.

அவருடைய நாவல்களில் தேர்ச்சியில் முதலிடம் 1986இல் வந்த ‘கானலு’க்குத் தரலாம். கத்தோலிக்கராகப் பிறந்த எழுத்தாளர் கத்தோலிக்க மதமாற்றத்தையே இதில் எடுத்துக்கொண்டார். சாதிக் கொடுமையிலிருந்து தப்ப ஒரு தாழ்த்தப்பட்ட சேரி கிறித்தவத்துக்குப் போகிறது. வரும் சுவாமியார் கெட்டவர் இல்லை. கல்விமான், இரக்கமுள்ளவர், அவரைக் கேலிச்சித்திரமாக்கும் சபலம் டானியலுக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் கிடைக்கிறது, பெயர் மாறுகிறது, சட்டை போட முடிகிறது. ஆனால் நிலம் வெள்ளாளரிடமே இருக்கிறது, கிணறும் அப்படியே. தாகத்தோடு ஓடியவர்கள் கண்டது கானல் நீர். ‘பஞ்சமரி’ன் உரத்த குரல் இதில் இல்லை; கோபம் ஆழமாகி, சொல் குறைந்திருக்கிறது. சரஸ்வதீவிஜயத்துக்கும் கானலுக்கும் இடையே உள்ள தொண்ணூற்று நான்கு ஆண்டுகளில் மதமாற்றம் என்ற தீர்வின் மீதான நம்பிக்கை எங்கே தொடங்கி எங்கே வந்து நின்றது என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் காணலாம்.

டானியலின் எழுத்தைப் பிரச்சாரம் என்று ஒதுக்கிய விமர்சகர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் உண்டு. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. அவருடைய வெள்ளாளப் பாத்திரங்களில் பலர் ஒரே அச்சில் வார்த்தவர்கள். காமமும் கள்ள உறவும் சாதி ஒழுக்கத்தின் போலித்தனத்தைக் காட்டும் கருவியாகத் திரும்பத்திரும்ப வருவது சலிப்பைத் தருகிறது. கட்சியின் தீர்மானம் பாத்திரத்தின் வாயில் நுழைந்துகொள்ளும் இடங்களும் கண்ணில் படும். தென்னாப்பிரிக்க நிறவெறியைப் பற்றி ஆலன் பேட்டன் 1948இல் வெளியிட்ட நாவல் உலகெங்கும் வாசிக்கப்பட்டதில், அதன் வெள்ளை வாசகர் தம்மை மன்னித்துக்கொள்ள அது இடம் கொடுத்ததற்கும் பங்குண்டு. டானியல் அந்த வசதியை எவருக்கும் தரவில்லை. கலைக்குறை என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்த மறுப்பின் விலை.

தமிழ்நாட்டில் அவருக்கு வாசகர் கிடைத்தது தஞ்சை வட்டாரத்தின் வழியாக. அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி முதலிய மார்க்சிய எழுத்தாளர்கள் அவரை வாசித்தார்கள், வரவழைத்தார்கள், அவர் நூல்கள் இங்கே பதிப்பாக உதவினார்கள். ‘தலித்’ என்ற சொல் தமிழில் பரவலாகாத அக்காலத்தில் அவரைக் கம்யூனிஸ்ட் எழுத்தாளர் என்றே அறிந்தார்கள். 1990களில் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழ்த் தலித் இலக்கியம் எழுந்தபோது, முன்னோடி யார் என்று தேடியவர்கள் டானியலிடம் வந்து சேர்ந்தார்கள். பின்னர் அவருடைய நாவல்கள் அந்த அடையாளத்தோடே தொகுக்கப்பட்டன. வர்க்கமா சாதியா என்ற கேள்வியில் அவரை எந்தப் பக்கம் வைப்பது என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அவர் இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் இல்லை. நிலம் கைமாறாமல் சாதி போகாது என்று நம்பினார். சாதிக்கு எதிராக நிற்காத நிலப் போராட்டமும் அவருக்கு ஒப்பானதில்லை.

அவர் எழுதிய தேநீர்க்கடை எங்கோ முடிந்துபோன காலத்தைச் சேர்ந்ததும் இல்லை. 2017இல் கொல்லங்கோட்டை அடுத்த முதலமடை ஊராட்சியில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் வாழும் தமிழ் பேசும் சக்கிலியர் மக்கள், கடையில் தனிக் கிளாஸ், குடிநீரில் பாகுபாடு என்று முறையிட்டது கேரளம் முழுக்கச் செய்தியானது. பொள்ளாச்சிச் சாலையில் அந்த எல்லையைக் கடப்பவர்களுக்கு, ‘பஞ்சமரி’லும் ‘தண்ணீரி’லும் வரும் பொருள்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.

1986இன் தொடக்கத்தில் டானியல் உடல்நலம் குன்றியிருந்தார். சிகிச்சைக்காகவும் நூல் வேலைக்காகவும் தமிழ்நாடு வந்தவர் மார்ச்சில் தஞ்சாவூரில் காலமானார். யாழ்ப்பாணம் போர்க்களமாகியிருந்த நேரம். நண்பர்கள் தஞ்சையிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறை அங்கே இருக்கிறது. ‘தண்ணீர்’ அடுத்த ஆண்டு அச்சாயிற்று. ‘பஞ்சகோணங்கள்’ கையெழுத்துப் பிரதியாகக் கிடந்து, 1990களில் நூலாக வந்தது.